காக்கிச் சட்டையும் சம்மதக் கடிதமும்

சாப்பிட மறுக்கிற குழந்தையை "பொலிசிட்டப் பிடிச்சுக் குடுத்துப்போடுவன்" என்று வெருட்டாத வீடு யாழ்ப்பாணத்தில் அரிது. தமிழ் பேசும் எந்த ஊரிலும் அம்மாக்களும் அம்மம்மாக்களும் சொல்கிற வார்த்தைதான் இது. குடாநாட்டில் ஒரேயொரு வேறுபாடு உண்டு: வெருட்டுகிற அம்மம்மாவும் அந்தச் சொல்லுக்குப் பயந்தவள்.

அதே குழந்தை வளர்ந்து, தரம் ஒன்பதில் படிக்கும்போது பாடசாலையிலிருந்து ஒரு தாளைக் கொண்டுவருகிறது என்று வைத்துக்கொள்வோம். பொலிஸ் கடேற் அணியில் சேரப் பெற்றோரின் சம்மதம் வேண்டும், கீழே கையெழுத்திடுக. பிள்ளைக்கு ஆசை நிறைய. சீருடை, அணிவகுப்பு, இல்ல விளையாட்டுப் போட்டியில் எல்லோருக்கும் முன்னால் நடக்கும் பெருமை, வெளிமாவட்டத்தில் ஒரு வாரப் பாசறை. தகப்பன் பேனாவை எடுக்கிறார். பிறகு மூடியைத் திரும்பப் போட்டுவிட்டு, "நாளைக்குப் பாப்பம்" என்கிறார்.

அந்த "நாளைக்கு" என்பதற்குள் நியாயமும் இருக்கிறது, பழைய காயத்தின் வலியும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் இந்தப் பயிற்சியை எடைபோட முடியும்.

எங்கிருந்து வந்தது

இலங்கையில் மாணவர் படை பழைய சங்கதி. 1881இல் கொழும்பு றோயல் கல்லூரியின் அதிபராயிருந்த ஜோன் கல் தொடங்கிய மாணவர் அணியே அதன் முதல் வித்து. இலங்கை இலகு காலாட்படைத் தொண்டர் அணியோடு சேர்ந்தே அது வளர்ந்தது. பிரித்தானியப் பாடசாலை மரபில் கிரிக்கெட் மட்டையும் கடேற் துப்பாக்கியும் ஒரே அலுமாரியில் இருந்தவை. யுத்தத்துக்கு முன்னர் யாழ்ப்பாணத்தின் பெரிய கல்லூரிகள் சிலவற்றிலும் கடேற் அணிகள் இருந்தன. பழைய மாணவர் மலர்களில் அந்தப் புகைப்படங்களை இன்றும் காணலாம்.

இன்றைய தேசிய மாணவர் படையணிக்குச் சட்ட அடிப்படை தந்தது 1985ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கப் படைத்திரட்டல், துணைப்படைகள் சட்டம். ஆண்டைக் கவனிக்க வேண்டும். வடக்கில் போர் மூண்டு எரிந்துகொண்டிருந்த காலத்தில் பிறந்த சட்டம் அது. படையணி பாதுகாப்பு அமைச்சின் கீழ் இயங்குகிறது. அதைத் தலைமைதாங்குவது இராணுவ அதிகாரி. அதன் பெரிய பயிற்சி நிலையம் ரன்தெம்பேயில் இருக்கிறது. தரைப்படை கடேற், பாண்ட் வாத்திய அணி ஆகியவற்றோடு பொலிஸ் கடேற்றும் இந்தக் குடையின் கீழேயே பாசறைக்குப் போகிறது, போட்டிகளில் நிற்கிறது.

இது நிர்வாக விபரம் போலத் தோன்றும். ஆனால் கற்றுக்கொண்ட பாடங்களும் நல்லிணக்கமும் பற்றிய ஆணைக்குழு 2011இல் தந்த அறிக்கை, பொலிஸ் திணைக்களத்தை ஆயுதப் படைகளைக் கையாளும் நிறுவனங்களிலிருந்து பிரிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2013இல் சட்டமும் ஒழுங்கும் என்ற பெயரில் தனி அமைச்சு உருவானது. இராணுவமும் பொலிசும் வேறு வேறு என்பதைப் போர் முடிந்த பின்னராவது பெரியவர்களுக்குச் சொல்ல நாடு முயன்றது. பிள்ளைகளுக்கோ அந்த வேறுபாடு இன்னும் சொல்லித்தரப்படவில்லை. பொலிஸ் ஆக விரும்பும் மாணவன் படையினரின் பாசறையில்தான் நடை பழகுகிறான்.

நல்லது எது

குறை சொல்வது இலகு. முதலில் இதில் இருக்கும் நன்மையை அதற்குரிய எடையோடு வைக்க வேண்டும்.

குடாநாட்டுப் பிள்ளையின் நாளை எண்ணிப் பாருங்கள். காலையில் பாடசாலை, பின்னேரம் ரியூசன், சனி ஞாயிறும் ரியூசன். விளையாட்டு மைதானம் இருக்கிறது, விளையாட நேரம் இல்லை. உடம்பையும் கூட்டு வேலையையும் பழக்கும் எந்த ஏற்பாடும் இந்தச் சூழலில் வரவேற்கத்தக்கதே. வெயிலில் நின்று ஒரே தாளத்தில் காலெடுத்து வைப்பதில், பத்துப் பேர் பிழைவிடாமல் திரும்புவதில், ஒரு பிள்ளைக்குத் தன்னைப் பற்றிய மதிப்பு வருகிறது. முதலுதவி, வீதி ஒழுங்கு, வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்பவையெல்லாம் ரியூசன் கொட்டிலில் கிடைக்காத கல்வி.

பெண்பிள்ளைகளுக்கு இதில் இன்னும் கூடுதலாகக் கிடைக்கிறது. இலங்கைப் பொலிசில் பெண்கள் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது 1952இல். அப்போது பொலிஸ் மா அதிபராயிருந்த ரிச்சர்ட் அலுவிகார, அந்தப் பதவிக்கு வந்த முதல் இலங்கையர். சிவில் சேவையிலிருந்து வந்தவர். எழுபது ஆண்டுகள் கடந்தும், சீருடைக்குள் ஒரு தமிழ்ப் பெண்ணை முறைப்பாட்டு மேசையில் காண்பது குடாநாட்டில் எல்லா நிலையங்களிலும் எல்லா நேரத்திலும் நடக்கிற காரியமாகவில்லை. வீட்டு வன்முறையைச் சொல்லப் போகும் பெண்ணுக்கு அந்த மேசையில் யார் இருக்கிறார் என்பதுதான் முதல் கேள்வி. பதினைந்து வயதில் கடேற் அணியில் நின்றவள் இருபத்திரண்டில் அந்த மேசைக்கு வரக்கூடும். தமிழ் இளைஞர்கள் பொலிசில் சேர்வதில்லை என்று ஒருபுறம் குறைபட்டுக்கொண்டு, சேரும் வழியெல்லாம் துரோகத்தின் வழி என்று மறுபுறம் சொல்வது நமக்கே ஆகாத வாதம்.

மூன்றாவது நன்மை, காலத்தின் தேவை. வாள்வெட்டுக் குழுக்களும் கஞ்சா, ஹெரோயின், ஐஸ் என்று அடுத்தடுத்து வந்த போதைப்பொருளும் பதின்வயதினரைச் சுற்றி நிற்கின்றன. ஆவா என்ற குழுவின் பெயர் ஒரு காலத்தில் சந்திக்குச் சந்தி பேசப்பட்டது. குழுவில் சேரும் பையன் தேடுவது பெரும்பாலும் மூன்று சாமான்கள்: ஒரு அடையாளம், ஒரு கூட்டம், தன்னைப் பார்த்து மற்றவர் ஒதுங்கும் ஒரு மதிப்பு. சட்டத்துக்கு உட்பட்ட ஓர் அணி இம்மூன்றையும் தர முடியும் என்பது வெறும் கனவு இல்லை.

கேரளம் இதைச் செய்து காட்டியிருக்கிறது. 2010 ஆகஸ்ட் 2ஆம் திகதி, 127 பாடசாலைகளில் ஏறத்தாழ பதினோராயிரம் மாணவர்களோடு அங்கே மாணவர் பொலிஸ் கடேற் திட்டம் தொடங்கியது. பி. விஜயன் என்ற பொலிஸ் அதிகாரி அதன் சிற்பி. உள்துறையும் கல்வித்துறையும் சேர்ந்து நடத்த, போக்குவரத்து, வனம், மதுவரி, உள்ளூராட்சித் துறைகள் கைகொடுத்தன. அதன் நுட்பம் ஓரிடத்தில் இருக்கிறது. பாடசாலையில் அணியை நடத்துவது பொலிஸ்காரர் அல்லர், அதற்கெனப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள். பொலிஸ் பாடசாலைக்குள் நுழையவில்லை. பாடசாலைதான் பொலிசைத் தன் பாடத்திட்டத்துக்குள் எடுத்துக்கொண்டது. 2018 ஜூலையில் இந்திய மத்திய அரசு இதை நாடு முழுவதற்கும் அறிவித்தபோது எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளை இலக்காக்கியது. பாடநூல் இல்லை, பரீட்சை இல்லை என்றும் வைத்தது.

ஆனால் கேரளத்தின் வெற்றியை அப்படியே பெயர்த்து நாவற்குழிப் பாலம் தாண்டிக் கொண்டுவர முடியாது. அங்கே அந்தத் திட்டத்துக்கு முன்னரே, 2008இல், ஜனமைத்திரி என்ற மக்கள் நட்புக் காவல் முறை தொடங்கிவிட்டது. அதைவிடப் பெரிய காரணமும் ஒன்று உண்டு. கேரள பொலிஸ் கேரளத்தின் பொலிஸ். மலையாளத்தில் பேசும், மலையாளத்தில் எழுதும், மலையாளிகள் வாக்களித்து அமைத்த அரசுக்குப் பதில் சொல்லும். பிள்ளை சேரும் அணி அவன் ஊருடைய அணி.

உள்ளூர் பொலிஸ் என்று ஒன்று இல்லை

இங்கேதான் யாழ்ப்பாணத்தின் சிக்கல் தொடங்குகிறது. உலகில் எங்கே பொலிஸ் கடேற் திட்டம் நன்றாக ஓடுகிறதோ, அங்கெல்லாம் அது "நமது பொலிஸ்" என்ற ஓர் எண்ணத்தின் மேல் கட்டப்பட்டிருக்கிறது. அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தம் மாகாணத்துக்குப் பொலிஸ் அதிகாரம் என்று எழுதி வைத்தது. மாகாணப் பொலிஸ் பிரிவு, முதலமைச்சரின் இணக்கத்தோடு நியமிக்கப்படும் பிரதிப் பொலிஸ் மா அதிபர் என்று விரிவாகவே எழுதியது. எழுதியது எழுதியபடி கிடக்கிறது. 2013 முதல் 2018 வரை வட மாகாண சபை இருந்த ஐந்தாண்டிலும் அதன் கையில் ஒரு பொலிஸ் கொஸ்தாப்பல்கூட இருக்கவில்லை.

சொற்களையே பாருங்கள். குடாநாட்டுப் பேச்சில் "பொலிஸ்" என்றால் அரசின் பொலிஸ். "காவல்துறை" என்ற நல்ல தமிழ்ச்சொல்லைச் சொன்னால், நாற்பது தாண்டியவருக்கு 1991இல் புலிகள் அமைத்த காவல்துறை நினைவுக்கு வரும். ஒரே வேலைக்கு இரண்டு சொல், இரண்டு அரசு, இரண்டு பயம். இடையில் இந்தியப் படைக் காலமும் உண்டு. அப்போது வடக்கு–கிழக்கு மாகாண சபைக்குத் துணைப் பொலிசாக நிற்கும் என்று தொடங்கப்பட்ட தொண்டர் படை, 1989இல் வீதியில் போன பெடியளை வலுக்கட்டாயமாகப் பிடித்து ஆயுதம் கொடுப்பதில் போய் முடிந்தது. "பிள்ளை பிடிகாரர்" என்ற சொல் அந்த நாட்களில் பாட்டிக் கதையிலிருந்து இறங்கி வந்து ஒழுங்கை முகப்பில் நின்றது.

ஆகவே மாகாணத்துக்குப் பொலிஸ் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் அரைகுறைப் பதில். நம் பெயரில் அமைந்த படையும் நம் பிள்ளைகளைப் பிடித்தது. அதன் பின் புலிகளும் பதினெட்டு வயதுக்குக் குறைந்த ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்தார்கள். யுனிசெப் வருடக்கணக்காகப் பெயர் பெயராகப் பதிவுசெய்த சங்கதி அது. குடாநாட்டுக்கு வந்த சீருடை ஒவ்வொன்றும் பிள்ளைகளைக் கேட்டிருக்கிறது. தகப்பனின் "நாளைக்குப் பாப்பம்" இந்த நினைவிலிருந்து வருகிறது. அதை அரசியல் வெறுப்பு என்று ஒதுக்குகிறவர் அவருடைய வயதைக் கணக்கிடவில்லை.

ஒரு நியாயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். கடேற் அணியில் நிற்கும் பிள்ளையைச் சிறுவர் போராளியோடு ஒப்பிடுவது அபத்தம். முன்னது பின்னேரம் வீட்டுக்குத் திரும்பிவிடும். ஆயினும் போருக்குப் பின்னும் அரசு கல்வியையும் படையையும் கலக்கும் பழக்கத்தை விடவில்லை. 2011இல் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானவர்கள் தலைமைத்துவப் பயிற்சி என்று படை முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். வன்னியில் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் முன்பள்ளி ஆசிரியைகளுக்குச் சம்பளம் கொடுத்தது. சம்மதக் கடிதத்தைப் படிக்கும் கண்கள் இவற்றையும் படித்த கண்கள்.

நிலையத்தின் கணக்குப் புத்தகம்

பழைய காயத்தை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால், காலம் ஆற்றிவிடும் என்று மறுமொழி வரும். 1974 ஜனவரி 10ஆம் திகதி, உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளில் பொலிஸ் நடவடிக்கையைத் தொடர்ந்து ஒன்பது பேர் இறந்தார்கள். முற்றவெளியில் நினைவுத்தூண் நிற்கிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு 97,000 நூல்கள் எரிந்தன. எரித்தவர்களில் பொலிசாரும் இருந்தனர் என்பது ஊரறிந்தது. இன்றைய தரம் ஒன்பது மாணவனுக்கு இவை பாட்டனார் காலத்துச் செய்திகள்.

ஆனால் அவன் வாழ்நாளிலேயே நடந்தவை உண்டு. 2015 மே மாதம் புங்குடுதீவில் பதினெட்டு வயதுப் பாடசாலை மாணவி கொல்லப்பட்டாள். ஊரவர் மடக்கிப் பிடித்த சந்தேகநபர் ஒருவர் கொழும்புக்குப் போய்விட்டார். அதற்குத் துணைபோனார் என்ற குற்றச்சாட்டில் மூத்த பொலிஸ் அதிகாரி ஒருவர் 2017இல் கைதானார். 2016 ஒக்டோபர் 20ஆம் திகதி இரவு கொக்குவில் குளப்பிட்டிச் சந்திக்கருகே மோட்டார் சைக்கிளில் போன பல்கலைக்கழக மாணவர் இருவர் இறந்தனர். முதலில் விபத்து என்றார்கள். பிறகு துப்பாக்கிச் சூடு என்று தெரிந்து ஐந்து பொலிசார் கைதானார்கள். 2023 நவம்பரில் வட்டுக்கோட்டைப் பொலிசார் கைதுசெய்த இருபத்தாறு வயது இளைஞர் காவலில் இருந்த நிலையில் இறந்தார். அதிலும் பொலிசார் கைதானார்கள்.

நம்பிக்கை குறைந்தது பிள்ளைகளின் மனப்பாங்கால் என்றால், பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பது மருந்தாகும். குறைந்தது நிலையத்தின் நடத்தையால் என்றால்? கால் நொந்தவனை விட்டுவிட்டு அவனைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு எண்ணெய் பூசுகிற வைத்தியம் அது. திட்டத்தின் அடிப்படைப் பிழை இங்கே இருக்கிறது. உறவு இரண்டு முனை கொண்டது. பழுது ஒரு முனையில் இருக்க, திருத்தம் மறுமுனையில் நடக்கிறது.

இதன் மறுபக்கத்தையும் யாழ்ப்பாணம் ஒரு முறை பார்த்திருக்கிறது. 2017 ஜூலை 22ஆம் திகதி நல்லூரில் நீதிபதி மா. இளஞ்செழியன் சென்ற வேளை துப்பாக்கிச் சூடு நடந்தது. அவருடைய மெய்க்காவலராகப் பல ஆண்டுகள் கூடவே இருந்த பொலிஸ் சார்ஜன்ட் சுடப்பட்டு இறந்தார். சிலாபத்துச் சிங்களவர். அந்த மனிதரின் மனைவியின் காலில் விழுந்து நீதிபதி கதறிய படத்தை ஊர் முழுவதும் பார்த்தது. பொலிஸ் சீருடைக்காக யாழ்ப்பாணம் அழுத அரிய நாள் அது. அந்தக் கண்ணீரை எந்த அணிவகுப்பும் பயிற்றுவிக்கவில்லை. ஒரு மனிதர் தன் வேலையை இறுதிவரை செய்ததால் வந்தது. சீருடை மேல் வெறுப்பு இந்த ஊரின் இரத்தத்தில் ஊறியது என்று சொல்பவருக்கு அந்த நாள் பதில்.

தலையாட்டியின் நிழல்

கடேற் திட்டங்களில் எழுதப்படாத ஓர் எதிர்பார்ப்பு எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும். "உங்கள் பாடசாலையில் யாராவது போதைப்பொருள் பாவித்தால் எங்களிடம் சொல்லுங்கள், தம்பி." சொல்பவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்லக்கூடும். ஆனால் இந்த மண்ணில் "தலையாட்டி" என்ற சொல் இருக்கிறது. சுற்றிவளைப்பில் ஊரையே மைதானத்தில் இருத்தி, முகமூடி போட்ட ஒருவன் முன்னால் வரிசையாக நடக்கவிட்டார்கள். அவன் தலையாட்டினால் அந்த ஆள் வண்டியில் ஏற்றப்படுவான். முகமூடிக்குள் இருந்தவன் பக்கத்து வீட்டுப் பிள்ளையாகவும் இருந்திருக்கிறான். அவனையும் அடித்தே இருத்தியிருந்தார்கள். ஒரு மாணவனிடம் சக மாணவனைப் பற்றிக் கேட்பது இங்கே தகவல் சேகரிப்போடு நின்றுவிடாது. அந்த முகமூடியை மெல்லிய துணியில் மறுபடி தைப்பதாகிவிடும்.

பொலிசுக்குத் துணைநிற்கும் பொதுமக்கள் அணி எங்கே வழுக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பாடம் உண்டு. 1993இல் இராமநாதபுரத்தில் பிரதீப் வி. பிலிப் என்ற அதிகாரி தொடங்கிய "காவல்துறை நண்பர்கள்" இயக்கம் நல்ல பெயரோடு வளர்ந்தது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் பொலிஸ் அடியால் இறந்தபோது, அந்த நிலையத்தில் தொண்டர்களும் இருந்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. இயக்கத்தின் தரப்பு மறுத்தது. ஆனாலும் அடுத்த மாதமே தமிழ்நாடு அரசு அதைத் தடைசெய்தது. அந்த இளைஞர்களின் குற்றம் நிறுவப்பட்டதா என்பது வேறு விடயம். பொலிசின் நண்பனாயிருக்கப் பழக்கப்பட்ட ஓர் இளைஞன், பொலிஸ் பிழை செய்யும் வேளையில் என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்கு யாராவது சொல்லியிருந்தார்களா? கடேற் பயிற்சி எதையும் நான் இந்தக் கேள்வியாலேயே அளப்பேன்.

இன்னொரு ஆபத்தைப் பேசவே நம்மவர் கூசுவார்கள். அமெரிக்காவில் இதைப் போன்ற எக்ஸ்புளோரர் திட்டத்தில் சேர்ந்த பதின்வயதினர் பொலிஸ் அதிகாரிகளின் பாலியல் துர்நடத்தைக்கு ஆளானதாக, ஐம்பது ஆண்டுகளில் ஏறத்தாழ இருநூறு குற்றச்சாட்டுகளை மார்ஷல் புரொஜெக்ட் என்ற ஊடகம் 2024இல் தொகுத்து வெளியிட்டது. அதிகாரமும் சீருடையும் வயது வேறுபாடும் தனிமையும் சேரும் இடம் எதுவும் ஆபத்தானது. அதில் அமெரிக்கா, இலங்கை என்ற பேதம் இல்லை. வெளிமாவட்டப் பாசறைக்கு மகளை அனுப்பும் தாய் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இரவில் யார் கூட இருப்பார்கள் என்பதே. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை 1998ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்தது; 1929 என்ற அதன் தொலைபேசி இலக்கம் ஒவ்வொரு கடேற்றின் குறிப்புப் புத்தகத்திலும் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும், அணித்தலைவரின் இலக்கத்துக்கு மேலே.

யார் சேர்கிறார்கள்

பாடசாலையில் கடேற்றுக்கு ஆள் தேடும்போது யாரைத் தெரிவார்கள் என்று நமக்குத் தெரியும். சப்பாத்து வாங்க வசதியுள்ள, மாணவத் தலைவர் சின்னம் குத்திய, ஏற்கெனவே ஒழுங்கான பிள்ளை. வாள்வெட்டுக் குழுவின் வாசலில் நிற்கிற பையனை யாரும் கூப்பிடுவதில்லை. அவனுடைய பெயர் பாடசாலை இடாப்பிலிருந்தே கழன்றிருக்கும். நோய் இல்லாதவனுக்கு மருந்து கொடுத்து, நோய் வரவில்லை என்று அறிக்கை எழுதுவது எளிது.

லண்டன் பொலிஸ் 1988இல் தொடங்கிய தொண்டர் கடேற் திட்டம் இதைக் கண்டுகொண்டது. சேரும் பிள்ளைகளில் நான்கில் ஒருவராவது குற்றச் சூழலுக்கோ சமூக ஒதுக்கலுக்கோ ஆளாகக்கூடியவராக இருக்க வேண்டும் என்று அது இலக்கு வைத்தது. குடாநாட்டில் அதே கணக்கைப் போட்டால், கரையோர மீனவக் குடியிருப்புகள், 1990இல் இடம்பெயர்ந்து பல ஆண்டுகள் முகாமில் கழித்த வலிகாமம் வடக்குக் குடும்பங்கள், மீளக் குடியேறிய முஸ்லிம் வீடுகள், தீவகம் என்று பட்டியல் நகரக் கல்லூரிகளைத் தாண்டி வெளியே போகும்.

சீருடையும் எல்லோரையும் ஒன்றாக்கிவிடாது. 2022இல் கேரளத்தில் ஒரு மாணவி தலையங்கியோடும் முழுக்கையோடும் கடேற் உடை அணிய அனுமதி கேட்டாள். மதச்சார்பின்மையைக் காட்டி அரசு மறுத்தது. எல்லோரும் ஒன்று என்று சொல்லும் உடை, சிலரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. அந்த முடிவு சரியா பிழையா என்பதைவிட, அந்தக் கேள்வியைத் திட்டம் முன்கூட்டியே யோசித்ததா என்பது முக்கியம்.

எதை வைத்து அளப்பது

நன்மைகளைத் திரும்பப் பாருங்கள். உடற்பயிற்சி, ஒழுங்கு, முதலுதவி, கூட்டு வாழ்வு. இவை எவையும் பொலிசுக்கே உரியவை அல்ல. 1912இல் மாத்தளையில் தொடங்கி நாடெங்கும் பரவிய சாரணர் இயக்கம் இவற்றைத் தந்துகொண்டுதான் இருக்கிறது. சென்ற் ஜோன்ஸ் அம்புலன்ஸ் படை தருகிறது. அப்படியானால் பொலிஸ் கடேற்றுக்கென்று தனியே எஞ்சுவது ஒன்றே: ஒரு பிள்ளைக்கும் ஒரு பொலிஸ் நிலையத்துக்கும் இடையிலான உறவு. திட்டத்தை அதை வைத்தே அளக்க வேண்டும். எத்தனை கேடயம், எத்தனை அணிவகுப்பு என்ற கணக்கு சாரணருக்கும் பொருந்தும்.

அந்த அளவுகோலில் இது தேற வேண்டுமானால் சில மாற்றங்கள் வேண்டும். முதலாவது, பொலிஸ் கடேற் பாதுகாப்பு அமைச்சின் குடையிலிருந்து வெளியே வந்து, கல்வித் திணைக்களத்தின் பொறுப்பில், ஆசிரியர் கையில் இருக்க வேண்டும். இரண்டாவது, வடக்கில் கட்டளை முதல் பாசறை வகுப்பு வரை தமிழில் நடக்க வேண்டும். தமிழ் 1987 முதல் அரச கரும மொழி; ஆனாலும் தான் சொன்ன வாக்குமூலம் தனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதப்பட்டு, கீழே கையெழுத்து வாங்கப்படுகிறது என்ற முறைப்பாடு இன்னும் ஓயவில்லை. பிள்ளைகளுக்கு அதே அனுபவத்தைச் சின்ன வடிவில் கொடுக்கக் கூடாது. மூன்றாவது, சக மாணவரைப் பற்றித் தகவல் கேட்பது எழுத்தில் தடைசெய்யப்பட வேண்டும். நான்காவது, விலகுவதற்கு எந்தத் தண்டனையும் இருக்கக் கூடாது. சேராத பிள்ளையின் நற்சான்றிதழில் ஒரு வரியும் குறையக் கூடாது.

ஐந்தாவது மாற்றம் பாடத்திட்டத்தில். அரசியலமைப்பின் 11ஆவது உறுப்புரை சித்திரவதையைத் தடுக்கிறது. 13ஆவது உறுப்புரை, கைதுசெய்யப்படுபவருக்குக் காரணம் சொல்லப்பட வேண்டும் என்கிறது. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் சித்திரவதை செய்யும் அரச அலுவலருக்கு ஆகக்குறைந்தது ஏழாண்டுச் சிறை என்கிறது. 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பொலிசுக்கும் பொருந்தும். இவற்றைப் பொலிஸ் அதிகாரியே வகுப்பில் நின்று கற்பிக்கட்டும். கற்பிப்பவருக்கும் அது ஒரு பாடம். தான் பலகையில் எழுதிய சட்டத்தை மறுநாள் நிலையத்தில் மீறுவதற்கு, அவர் முன்னால் இருந்த நாற்பது முகங்கள் கொஞ்சமாவது தடையாயிருக்கும்.

அதோடு ஒரு செய்முறைப் பயிற்சியும் வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை கடேற் பிள்ளைகள் தங்கள் ஊர் நிலையத்துக்குப் போய், ஒரு சாதாரண மனிதர் முறைப்பாடு கொடுக்கும் வழியை அடி அடியாகப் பார்க்கட்டும். கதவருகே தமிழ் அறிவித்தல் இருக்கிறதா? மேசையில் தமிழ் தெரிந்தவர் இருக்கிறாரா? பெண் அலுவலர் இருக்கிறாரா? எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும்? முறைப்பாட்டின் பிரதி கையில் கிடைக்கிறதா? கண்டதை எழுதிப் பொறுப்பதிகாரியிடமும் அதிபரிடமும் கொடுக்கட்டும். மாணவரை நிலையம் மதிப்பிடும் திட்டம் பல நாடுகளில் உண்டு. நிலையத்தை மாணவர் மதிப்பிட்டால்தான் உறவின் மறுமுனையிலும் வேலை தொடங்கும்.

இதற்கு மேலதிகாரிகள் சம்மதிப்பார்களா? ஒழுங்கு என்பது கேள்வி கேட்காமை என்று பழகிய நிறுவனத்துக்கு இது கசக்கும். அணிநடையின் இலக்கணமே கேட்டவுடன் செய்வதுதான். சட்டத்தின் இலக்கணமோ, எந்த அதிகாரத்தில் என்று கேட்பது. இரண்டையும் ஒரு பிள்ளைக்கு ஒரே மாலையில் கற்பிக்க முடியுமா என்பதே இத்திட்டத்தின் மிகக் கடினமான இடம். முடியாது என்றால், கையில் இருப்பது சப்பாத்து மினுக்கும் ஓர் அணி மட்டுமே. அதற்கு யாழ்ப்பாணம் பொலிசைத் தேடிப் போக வேண்டியதில்லை.

தகப்பன் மறுநாளும் அந்தத் தாளை எடுப்பார். நான் அவராயிருந்தால் கையெழுத்திட மறுக்க மாட்டேன். ஆனால் அதன் கீழே இன்னொரு கோடு போட்டு, பொறுப்பதிகாரியின் கையெழுத்தையும் கேட்பேன்: இந்தப் பிள்ளையிடம் யாரைப் பற்றியும் தகவல் கேட்கமாட்டோம், தனியே வைத்திருக்கமாட்டோம், இவனுடைய தாய் முறைப்பாட்டோடு வந்தால் தமிழில் எழுதிப் பிரதி கொடுப்போம். சம்மதம் என்பது இரண்டு பேருடைய கையெழுத்து. இதுவரை ஒரு பக்கம்தான் கேட்டு வந்திருக்கிறார்கள்.